அட்டை வீட்டில் ஒரு தீக்குச்சி மனிதர்

பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஒரு முந்திரி வியாபாரி இருக்கிறார். ஆறடி உயரம். யாருக்கும் தலை வணங்காத மனுஷர். அவரைத் தினமும் நாலு தடவையாவது தலை குனிய வைத்தவன் நான்.

இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு எஞ்ஜினீயர் ஆபீஸில் எனக்கு டிராஃப்ட்ஸ்மேன் உத்தியோகம். 2009-ல் அவருடைய மாடி வீட்டுக்கு பிளான் போட்டது நான்தான். பிளானில் படிக்கட்டு அழகாக இருந்தது. பீமும் அழகாக இருந்தது. படிக்கட்டு கீழிருந்து மேலே போகிறது, பீம் குறுக்கே போகிறது, இரண்டும் ஒரு இடத்தில் சந்திக்கும் என்பது மட்டும் காகிதத்தில் தெரியவில்லை. படிக்கு மேலே ஏழடி உயரமாவது வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. அந்த இடத்தில் இருந்தது ஐந்தேகால்.

சென்ட்ரிங் பிரித்த அன்றைக்கு அவர் ஆசையாக மாடி ஏறினார். 'டங்' என்று ஒரு சத்தம். நான் கீழே நின்றுகொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் என் தலை வலிக்கிறது.

பீமை உடைக்க முடியாது. முதலில் சாக்கு சுற்றினார். பிறகு ஸ்பாஞ்ச் கட்டினார். கடைசியில் ரயில்வே கேட் மாதிரி மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்துவிட்டார். நல்ல மனுஷர், சண்டை போடவில்லை. ஆனால் கல்யாண வீடுகளில் பார்க்கும்போதெல்லாம், "வாங்க தம்பி, நம்ம வூட்டு பீமுக்கு முன்னால மினிஸ்டரே வந்தாலும் தலை குனியணும்" என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொல்வார். சண்டையே போட்டிருக்கலாம்.

அந்த பிளானில் அவரும் கையெழுத்துப் போட்டிருந்தார். "பார்த்துட்டீங்களா, புரியுதா?" என்று நான் கேட்டேன். "நல்லா புரியுது" என்றார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். கோடு கோடாகப் போட்ட காகிதத்தை நீட்டி, டை கட்டினவன் ஒருத்தன் "புரியுதா?" என்று கேட்டால், "புரியலை" என்று சொல்லத் தனி தைரியம் வேண்டும். வீடு கட்டுகிறவர்களில் பாதிப் பேர் தங்கள் வீட்டை முதன்முதலாகப் பார்ப்பது அது எழும்பி நின்ற பிறகுதான். புடவை எடுக்கப் போனால் முப்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்கிற ஜனங்கள், ஆயுள் சேமிப்பை மொத்தமாகக் கொட்டுகிற வீட்டைப் பிரித்துப் பார்க்காமலே வாங்கிக்கொள்கிறார்கள்.

*

சிதம்பரம் வாத்தியார் எங்கள் ஆபீஸுக்கு வந்தது 2013-ல். வரலாற்று ஆசிரியராக இருந்து ரிடையர் ஆனவர். பி.எஃப்., கிராச்சுட்டி எல்லாவற்றையும் வழித்தெடுத்து ஒரு வீடு. மனை 20 அடிக்கு 60 அடி. நீளமான மனை, ரயில் பெட்டி மாதிரி. வீட்டில் அவர், அவர் மனைவி, எண்பது தாண்டிய அம்மா. அம்மாவுக்கு க்ளாக்கோமா. வெளிச்சம் இருட்டு தெரியும், அவ்வளவுதான். "என் அம்மா சௌகரியமா இருக்கணும் தம்பி, அது போதும்" என்றார்.

நான் பிளான் போட்டேன். இந்தத் தடவை ஜாக்கிரதை! படிக்கட்டுத் திரும்புகிற லேண்டிங்குக்கு அடியில் பாத்ரூம். நம் ஊரில் அந்த இடத்தை வீணாக்க யாருக்கும் மனசு வராது. அங்கே உயரம் ஆறேகால் அடிதான் வந்தது. பட்ட புத்தி, விடுவேனா? பாத்ரூம் தரையை ஒரு அடி இறக்கி, உள்ளே இறங்க அரை அடியில் இரண்டு படி வைத்தேன். ஏழேகால் அடி கிடைத்துவிட்டது. எனக்கு நானே ஒரு ஸ்பெஷல் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

வாத்தியார் பிளானைப் பார்த்தார். "நல்லா புரியுது தம்பி" என்றார்.

எனக்கு 'டங்' என்று கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் உட்கார்ந்து அட்டையில் அந்த வீட்டைச் செய்தேன். ஆபீஸ் நேரத்தில் செய்ய வழியில்லை. பொம்மை செய்வதற்கு அங்கே சம்பளம் கிடையாது என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள்.

செய்முறை கேட்பீர்கள். ஒரு அடிக்குக் கால் அங்குலம். அதாவது 20-க்கு 60 மனை, 5 அங்குலத்துக்கு 15 அங்குலமாகிவிடும், மடியில் வைத்துக்கொள்ளலாம். சுவருக்கு மவுண்ட் போர்டு. கைவசம் இல்லாதவர்கள் பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் தேடுங்கள். பணக்காரச் சொந்தக்காரர்கள் அனுப்புகிற பத்திரிகை கனமாக இருக்கும், வெளிச்சுவருக்கு ஆகும். நம்மைப் போன்றவர்களுடையது உள்தடுப்புக்குப் போதும். ஸ்டீல் ஸ்கேல், கட்டர் பிளேடு, பெவிகால். ஜன்னல் கம்பிக்குக் கொசுவலைத் துண்டு. பெவிகாலை அதிகம் தடவினால் அட்டை ஈரத்தில் வளைந்து, வீடு அப்பளம் மாதிரி நெளியும். அவசரத்துக்குத் தெர்மாகோலில் செருப்புத் தைக்கிறவர் வைத்திருக்கும் பசையைத் தடவிவிடாதீர்கள். நான் தடவினேன். என் கண் முன்னாலேயே மாடி உருகிக் கீழே இறங்கியது. என் மனைவி எட்டிப் பார்த்து, "இந்த வீட்டுக்கு யாருங்க மேஸ்திரி?" என்றாள்.

முக்கியமான ஆள் தீக்குச்சி. இந்த அளவில் ஒரு முழுத் தீக்குச்சியை நிறுத்தினால் அவர் ஆறரை அடி மனிதர். தலையில் இருக்கும் மருந்தைக் கிள்ளி, அடியில் இன்னும் ஒரு நறுக்கு நறுக்கினால் ஐந்தரை அடி ஆள் தயார். அவரை வாசலில் நிறுத்தி, கூடத்தில் நடத்தி, படி ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். எங்கே அவர் தலை இடிக்கிறதோ, அங்கே நமக்கு நாளைக்கு அடி விழப்போகிறது என்று அர்த்தம். 2009-ல் ஒரு தீப்பெட்டி செலவழித்திருந்தால் முந்திரி வியாபாரி நிமிர்ந்து நடந்திருப்பார்.

*

இது என் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய பெரிய ஆட்கள் செய்த வேலை.

இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரத்துத் தேவாலயத்தின் மேல் பிரம்மாண்டமான கும்மட்டம் எழுப்ப வேண்டும். எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. 1418-ல் போட்டி வைத்தார்கள். புருனெல்லெஸ்கி என்ற ஆசாமி செங்கல்லால் ஒரு மாடல் கட்டிக் காட்டினார். 1420-ல் ஆரம்பித்து 1436-ல் கும்மட்டத்தை முடித்தார். வேலை நடக்கும்போது கொத்தனார்களுக்குக் கல்லை எப்படிச் செதுக்குவது என்று விளக்க டர்னிப் கிழங்கைச் சீவிக் காட்டுவாராம். விளக்கிய பிறகு சமைத்துவிடலாம் என்கிற வசதி என் அட்டையில் இல்லை.

லண்டனில் 1666-ல் பெரிய தீ விபத்து. எரிந்துபோன செயின்ட் பால் தேவாலயத்தைப் புதிதாகக் கட்ட கிறிஸ்டோபர் ரென் 1673-74-ல் ஓக் மரத்தில் ஒரு மாடல் செய்ய வைத்தார். இருபதடிக்கு மேல் நீளம், பதிமூன்றடி உயரம். ஆள் உள்ளே நுழைந்து பார்க்கலாம். செலவு சுமார் 600 பவுண்ட். அந்தக் காலத்தில் அந்தக் காசுக்கு நல்ல வீடே ஒன்று கிடைக்கும். பாதிரியார்கள் வந்து பார்த்தார்கள். "தேவாலயம் மாதிரி இல்லையே" என்று சொல்லிவிட்டார்கள். ரென் நொந்துபோய், இனிமேல் மாடலும் செய்ய மாட்டேன், வரைபடத்தை வெளியில் காட்டவும் மாட்டேன் என்று முடிவெடுத்தாராம். வேறு டிசைனில் கட்டிமுடித்தார். அந்த மாடல் இன்றைக்கும் அதே தேவாலயத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. மேலதிகாரிகளிடம் ஃபைல் கொண்டுபோய்க் காட்டியவர்களுக்கு ரென் மீது தனி அனுதாபம் பிறக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஆல்பெர்ட்டி சொன்னது. பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலிக்காரர். மாடலுக்கு வர்ணம் பூசாதே, சிங்காரிக்காதே, மொட்டையாகச் செய் என்கிறார். பகட்டாகச் செய்கிறவன் பார்க்கிறவன் கண்ணைக் கட்டப் பார்க்கிறான் என்பது அவர் கட்சி. சென்னையில் ஃப்ளாட் விற்கிற ஆபீஸ்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாடல் வைத்திருப்பார்களே, பார்த்திருக்கிறீர்களா? குட்டி பல்பு, ஸ்பாஞ்ச் மரம், நீல நிற நீச்சல்குளம், அதில் பிளாஸ்டிக் அன்னம். அவ்வளவும் இருக்கும். உங்கள் ஃப்ளாட் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து பில்டிங்கின் பாத்ரூம் குழாய் தெரியும் என்பது மட்டும் இருக்காது, ஏனென்றால் அந்தப் பக்கத்து பில்டிங்கே மாடலில் இருக்காது!

*

அட்டை வீட்டைத் தூக்கிக்கொண்டு திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ் ஏறினேன். ஒரு தடவை செய்து பாருங்கள். ஊரில் இத்தனை பேர் வீடு கட்டும் கனவோடு திரிகிறார்கள் என்பது அப்போது தெரியும்.

"பையனுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட்டா?" என்று ஆரம்பித்தார் பக்கத்து சீட்காரர். இல்லை, நிஜ வீடு என்றேன். ஆலப்பாக்கம் வருவதற்குள், "கிச்சன் ஏன் சின்னதா இருக்கு?" என்று பின்சீட்டு அம்மா கேட்டாயிற்று. புதுச்சத்திரத்தில் ஏறியவர் வாஸ்து பார்த்தார். கண்டக்டர் மாடிக் கூரையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு லக்கேஜ் போடணுமா, இல்ல வூட்டு வரி போடணுமா?" என்றார். பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் வரும்போது பஸ்ஸில் பாதிப் பேருக்கு அந்த வீட்டைப் பற்றி ஒரு அபிப்பிராயம் இருந்தது. ஆபீஸில் பிளானை விரித்தால் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். அட்டையைப் பார்த்தால் எல்லோரும் வாயைத் திறக்கிறார்கள்!

வாத்தியார் வீட்டில் மேஜை மேல் வைத்து மாடியைக் கழற்றினேன். வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "ஓ... கூடம் இவ்வளவுதானா?" என்றார். இருபதடி மனையில் இரண்டு பக்கமும் இடம் விட்டால் கூடம் எவ்வளவு வரும் என்பது பிளானில் எழுதியே இருந்தது. எழுத்தைப் பார்த்தபோது வராத 'ஓ' அது.

பாட்டி சேரில் உட்கார்ந்திருந்தார். "என்னடா அது, கொண்டா இங்கே" என்றார். மடியில் வைத்தேன்.

"என் கட்டில் எங்கேப்பா?"

அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பின்பக்க அறையில் வைத்தேன்.

"கதவு?"

காட்டினேன். விரல் கதவு வழியாக வெளியே வந்தது. சுவரைத் தடவிக்கொண்டே நடந்தது. சாப்பாட்டு இடத்தில் சுவர் முடிந்துவிட்டது. விரல் திகைத்து நின்றது. "இங்கே பிடிச்சுக்க ஒண்ணும் இல்லையே" என்றார். குறுக்கே நகர்த்தினார். படிக்கட்டைச் சுற்றிக்கொண்டு பாத்ரூம் கதவுக்குப் போனார். உள்ளே நுழைந்த விரல் கால் அங்குலம் கீழே விழுந்தது.

"இங்கே குழி இருக்கே!"

"குழி இல்லை பாட்டி, ரெண்டு படி..."

"ராத்திரி மூணு மணிக்கு எனக்குப் படியும் குழியும் ஒண்ணுதான்ப்பா."

யாரும் பேசவில்லை. வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் தீக்குச்சி மனிதரைப் பார்த்தேன். அவர் ஐந்தரை அடி, கண் தெரிகிற ஆள். தலை இடிக்கிறதா என்று பார்க்க அவரை அனுப்பினேனே தவிர, கால் எங்கே போகும் என்று கேட்கவில்லை. ஒரு கண்டத்தைத் தப்பிக்க இன்னொரு கண்டத்தை நானே கட்டியிருந்தேன். அந்த வயசில் இடுப்பு எலும்பு முறிந்தால் அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிளேடை எடுத்தேன். பாட்டியின் அறையை ஒட்டிப் பின்னால் ஒரு ஸ்டோர் ரூம் வைத்திருந்தேன். அதைப் பிய்த்துப் படிக்கட்டுக்கு அடியில் போட்டேன். அரிசி மூட்டைக்கு ஏழடி உயரம் எதற்கு? ஸ்டோர் இருந்த இடத்துக்கு பாத்ரூம் போயிற்று. வாத்தியார் மனைவிக்கு உடன்பாடில்லை. "சமையல் ரூம்லேர்ந்து ஒவ்வொரு தடவையும் படிக்கட்டு வரைக்கும் ஓடணுமா?" என்றார். நியாயம்தான். சமையலறையில் ஒரு அலமாரியை ஆழமாக்கி சமாதானம் செய்தோம். தண்ணீர் பைப் பதினைந்தடி கூடுதலாகப் போகும், அதற்கு ஒரு கணக்கு. எல்லாம் முடிய முக்கால் மணி நேரம். சேதாரம், நாலு துண்டு அட்டை.

பாட்டி மறுபடியும் நடந்தார். கட்டில், இடது பக்கச் சுவர், கதவு. சுவர் எங்கேயும் முடியவில்லை. தரை எங்கேயும் இறங்கவில்லை. "ம்" என்றார். அதுதான் எனக்கு அப்ரூவல்.

*

பிறகு மாடலை மொட்டை மாடிக்கு எடுத்துப் போனோம். மனை எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறதோ அதே திசையில் வைத்தோம். சுவருக்கு ஸ்கேல் உண்டு, சூரியனுக்கு ஸ்கேல் கிடையாது! நிஜ வீட்டில் மாலை நாலு மணிக்கு வெயில் எந்த ஜன்னல் வழியாக எவ்வளவு தூரம் உள்ளே வருமோ, அட்டை வீட்டிலும் அதே கோணத்தில் வரும். முன்னறை மேற்கு ஜன்னலில் வெயில் கூடத்தின் நடு வரைக்கும் பாய்ந்தது. சன்ஷேடை நீட்டி ஒட்டினேன், கொஞ்சம்தான் குறைந்தது. சாயங்கால வெயில் தாழ்ந்து வருவதால் மேற்கே சன்ஷேட் பெரிதாக உதவாது என்பதை வாத்தியார் தன் கண்ணாலேயே பார்த்தார். ஜன்னலைச் சின்னதாக்கி வடக்குப் பக்கம் ஒன்று வைத்தோம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. சிதம்பரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11.4 டிகிரியில் இருக்கிறது. வருஷத்தில் இரண்டு நாள், ஏப்ரல் இருபது வாக்கிலும் ஆகஸ்ட் இருபத்திரண்டு வாக்கிலும், நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஜூன் கடைசியில் அதே நடுப்பகலில் சுமார் 12 டிகிரி வடக்கே சாய்ந்திருக்கும். டிசம்பர் கடைசியில் சுமார் 35 டிகிரி தெற்கே சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வில் ஒரு டார்ச் லைட்டைப் பிடித்தால், மேஜை மேலேயே ஆனி மாசத்தையும் மார்கழியையும் பார்த்துவிடலாம்.

சாயந்தரம் வாத்தியார் கோயிலுக்கு அழைத்துப் போனார். கீழ வீதியில் நின்று கோபுரத்தைக் காட்டினார். "மாடல் மாடல்னு சொல்றீங்களே தம்பி, இதை நல்லா பாருங்க."

நூறு தடவை பார்த்த கோபுரம். அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏழு நிலைக் கோபுரத்தில் ஒவ்வொரு நிலையிலும் வரிசையாக இருப்பது என்ன? குட்டிக் குட்டிக் கட்டடங்கள்! மூலையில் சதுரமாகக் கூடம், நடுவில் நீள வாக்கில் வண்டிக் கூரை போட்ட சாலை, இடையிடையே பஞ்சரம். ஸ்தபதிகள் அவற்றுக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். கீழிருந்து மேல் வரை கட்டடத்தின் மேல் கட்டடமாக, மாடல்களை அடுக்கியே ஒரு கோபுரம். உச்சியில் இருப்பது ஒரு பெரிய சாலை. உள்ளே நிருத்த சபையைக் கல்லிலேயே சக்கரமும் குதிரையும் வைத்துத் தேர் மாதிரி செய்திருக்கிறார்கள். சிற்சபையில் பொன் ஓடு 21,600. மனிதன் ஒரு நாளைக்கு விடும் மூச்சின் கணக்கு. அதில் அடித்த ஆணி 72,000; உடம்பின் நாடிகள். இப்படி ஒரு கணக்கு வழிவழியாகச் சொல்கிறார்கள். நான் வீட்டைச் சின்னதாக்கிக் கையில் எடுத்துப் போனேன். இவர்கள் மனித உடம்பைப் பெரிதாக்கி உள்ளே நுழைய வைத்திருக்கிறார்கள்.

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களையும் வாத்தியார் விடவில்லை. ஏழாம் நூற்றாண்டு, பாறையைக் குடைந்து செதுக்கியவை. திரௌபதி ரதம் அச்சு அசலாக ஒரு கூரைக் குடிசை. பீம ரதம் நீளமான வண்டிக் கூரை. மரத்திலும் ஓலையிலும் இருந்த வீடுகள் மக்கிப் போய்விட்டன. அவற்றின் உருவம் கல்லில் நின்றுகொண்டிருக்கிறது. கன்னியாகுமரியில் 133 அடி திருவள்ளுவர் சிலையை எழுப்பிய கணபதி ஸ்தபதியும் கல்லில் கை வைப்பதற்கு முன்னால் மரத்தில் மாதிரி செய்து பார்த்தவர்தான். 2000 ஜனவரி 1-ம் தேதி சிலையைத் திறந்தார்கள்.

*

மாடலை நான் ரொம்பத் தூக்கிப் பேசுகிறேனோ? அதிலும் வில்லங்கம் உண்டு.

முதல் வில்லங்கம், மாடல் நின்றால் வீடும் நிற்கும் என்று நினைப்பது. கலிலியோ 1638-லேயே இதைச் சொல்லிவிட்டார். ஒரு பொருளை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு பெரிதாக்கினால், தாங்குகிற தூணின் குறுக்குப் பரப்பு நாலு மடங்குதான் ஆகும். எடை எட்டு மடங்கு ஆகிவிடும். அதனால்தான் எறும்புக்கு இருக்கிற காலை யானைக்கு வைக்க முடியாது. கல்யாணப் பத்திரிகை சுவர் கனமான டிக்ஷனரியைத் தாங்கியது என்பதற்காக மேஸ்திரியிடம் கம்பியைக் குறைக்கச் சொல்லக் கூடாது.

இதையும் ஒருத்தர் சாமர்த்தியமாகத் தாண்டினார். ஸ்பெயினில் கௌடி. பார்சிலோனாவுக்குப் பக்கத்தில் ஒரு தேவாலயத்துக்காகக் கூரையிலிருந்து நூல்களைத் தொங்கவிட்டு, அதில் ஈயக் குண்டு போட்ட சின்னச் சின்னப் பைகளைக் கட்டினார். நூல் தானாக ஒரு வளைவில் தொங்குமே, அதைப் போட்டோ எடுத்துத் தலைகீழாகத் திருப்பினால் அதுதான் செங்கல் வளைவுக்குச் சரியான வடிவம். அந்த வடிவம் அளவு மாறினாலும் மாறாது. பத்து வருஷம் இந்தத் தொங்கட்டானோடு உட்கார்ந்திருந்தார் மனுஷர்! நம் ஆபீஸாக இருந்தால் இரண்டாவது வாரமே மெமோ வந்திருக்கும்.

இரண்டாவது வில்லங்கம், மாடலை நாம் மேலேயிருந்து பார்க்கிறோம். காக்கை பார்க்கிற மாதிரி. பாண்டிச்சேரிக்கு அந்தப் பக்கம் ஆரோவில். 1968-ல் தொடங்கிய ஊர். அதற்கு ரோஜர் ஆஞ்சே என்ற பிரெஞ்சு ஆர்க்கிடெக்ட் செய்த மாடலின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். வானத்து நட்சத்திரக் கூட்டம் சுழல்கிற மாதிரி ஒரு நகரம். கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்தச் சுழலை அப்படியே தரையில் போட வேண்டுமா, இத்தனை வருஷத்தில் வளர்ந்து நிற்கும் மரங்களுக்கு வழி விட வேண்டுமா என்று அங்கே இருப்பவர்களுக்குள்ளேயே தகராறு. 2021 டிசம்பரில் வட்டச் சாலைக்காக மரம் வெட்டப் போய் விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போயிற்று. மாடலில் மரம் என்பது ஒரு துண்டு ஸ்பாஞ்ச். பிடுங்கி வேறு இடத்தில் நட்டுவிடலாம்.

கம்ப்யூட்டரில் த்ரீ-டி போட்டால் போதாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நானும் போடுகிறேன், வயிற்றுப் பிழைப்பு. ஆனால் அதில் எப்போதும் காலை பத்து மணி வெயில்தான். வாசலில் ஒரு சிவப்புக் கார், பக்கத்தில் நாய் பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரி. குறிஞ்சிப்பாடியில் கட்டுகிற வீட்டுக்கும் அதே வெள்ளைக்காரி! மவுஸ் என் கையில் இருக்கிற வரைக்கும் நான் காட்டுவதைத்தான் வீட்டுக்காரர் பார்ப்பார். பாத்ரூம் படியை நான் காட்டியிருப்பேனா?

*

வேலை ஆரம்பித்த பிறகு மாடலை சைட்டில் சிமென்ட் மூட்டை மேல் வைத்தோம். கடலூரிலிருந்து வந்த மேஸ்திரி முதல் நாள், "இன்னா தம்பி, வூடு கட்டச் சொன்னா பொம்மை கட்டி எடுத்தாந்துகிறீங்க?" என்றார். மூன்றாம் நாளிலிருந்து பிளானைச் சுருட்டி வைத்துவிட்டு, ஆள்களுக்கு அதைக் காட்டித்தான் வேலை சொன்னார். நான் பழைய டிசைனில் பாத்ரூமை இறக்கியிருந்த கதையைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். "ஐப்பசி மழைக்கு ட்ரெய்னேஜ் தண்ணி திரும்பி உள்ள வந்துருக்குமே! பாட்டி காப்பாத்துச்சி உன்னெ." அது எனக்குத் தோன்றவே இல்லை. 2015-ல் பெய்த மழையில் கடலூர் மாவட்டமே மிதந்தபோது அதை நினைத்துக்கொண்டேன்.

கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு வந்த முதல் நவராத்திரிக்கு வாத்தியார் கூப்பிட்டார். மனைவியோடு போனேன். கூடத்தில் ஏழு படி கொலு. பண்ருட்டிப் பொம்மைகள். ஐந்தாவது படியில், செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில், என் அட்டை வீடு! சிமென்ட் கறையோடு. செட்டியார் தம் வீட்டைவிட மூன்று மடங்கு பெரியவராக, மொட்டை மாடியில் கை ஊன்றி உட்கார்ந்திருந்தார். வாசலில் தீக்குச்சி மனிதர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். யாரோ அவருக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள்.

சுண்டல் வந்தது. பாதி சாப்பிட்டிருப்போம், கரண்ட் போயிற்று. ஒரே இருட்டு. வாத்தியார் டார்ச் தேடி மேஜையில் எதையோ தட்டிவிட்டார். அவர் மனைவி, "தீப்பெட்டி எங்கே வெச்சேன்?" என்று சமையலறைப் பக்கம் துழாவினார். நான் செல்போனை எடுக்கப் போய் சுண்டலைக் கொட்டினேன். என் மனைவி, "யாரும் அசையாதீங்க, பொம்மை உடைஞ்சிடும்" என்றாள். எல்லோரும் அப்படி அப்படியே நின்றோம்.

பின்பக்கத்தில் கட்டில் கிறீச்சிட்டது. சுவரில் ஒரு கை உரசிக்கொண்டே போகிற சத்தம். கதவுத் தாழ்ப்பாள். குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். மறுபடி தாழ்ப்பாள், மறுபடி உரசல், மறுபடி கட்டில்.

"ஏண்டா எல்லாரும் கம்முனு இருக்கீங்க?" என்று பாட்டி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "கரண்ட் போயிடுச்சா என்ன?"